திக்குவாய்: சொல்லை மாத்துறதா, திக்கியே சொல்றதா?

வராத சொல்லுக்கு வேறு சொல் போடுவதா, திக்கினாலும் அதே சொல்லைச் சொல்லி முடிப்பதா? நம்மில் பலருக்கு இந்த இழுபறி தினமும் உண்டு.

சுலபம்
மாற்றுவது: கிருஷ்ணகிரி மண்டியில் ‘பெங்களூரா’ என்ற சொல் வாயில் வரவில்லையா, ‘கிளிமூக்கு’ என்றால் அதே மாம்பழம்தான்.
திக்கியே சொல்வது: ஆரம்பத்தில் வேதனைதான்.

செலவு
மாற்றுவது: தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஏறி, ‘பென்னாகரம்’ வராமல் ‘ஒகேனக்கல்’ டிக்கெட் வாங்கி, வழியிலிருக்கும் பென்னாகரத்திலேயே இறங்குவோம். காசும் போச்சு, “ஏம்பா இங்கயே இறங்குற?” என்ற கேள்விக்குப் பதிலும் சொல்லணும்!
திக்கியே சொல்வது: கண்டக்டரின் சில நொடிப் பொறுமை.

நீடிப்பு
மாற்றுவது: சொந்தப் பெயருக்கு மாற்று கிடையாது. தவிர்க்கத் தவிர்க்க அந்தச் சொல்மேல் பயம்தான் ஏறும்.
திக்கியே சொல்வது: இதற்கு ஒரு நுட்பம் உண்டு. தானும் திக்கியவரான அமெரிக்கப் பேச்சு நிபுணர் சார்லஸ் வான் ரைப்பர் சொல்லித்தந்தது. அடைபடும்போது முட்டித் தள்ளாமல், இறுகிய உதட்டைத் தளர்த்தி, ‘பெ’யை மெதுவாக இழுத்து வெளியே வருவது. வீட்டில் பழகலாம்.

கூட்டத்தில் அவசரம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மருந்துக் கடையில் மட்டும் வேண்டாம், சீட்டை நீட்டிவிடுங்கள். வேலை நேர்காணல், தினமும் பழகும் ஆட்கள் என்றால் என் ஓட்டு திக்கியே சொல்வதற்குத்தான். “எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் படபடப்பு இறங்கிவிடும்.