ஒன்பது வருடம், ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு சிவப்பு கேபிள்

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. 2016-ல் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி, முடிந்த வேலைகளை அதில் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, இஎக்ஸ்டி4. அன்றிலிருந்து ஃபார்மேட் செய்ய எம்கேஎஃப்எஸ், சோதித்துப் பார்க்க எஃப்எஸ்சிகே என்று இந்த இரண்டு கட்டளைகளோடுதான் குடித்தனம். நாலைந்து முறை சூடு பட்ட பிறகுதான் இவற்றைப் பற்றி எழுத எனக்கு விஷயம் கிடைத்தது.

முதல் நாளே தகராறு. ஃபார்மேட் கட்டளை கொடுத்தால், இந்த டிஸ்க்கை சிஸ்டம் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, இங்கே ஃபைல் சிஸ்டம் உருவாக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் எதையும் திறக்கவே இல்லையே என்று குழம்பினேன். டெஸ்க்டாப் தானாகவே பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதியை) மவுன்ட் செய்து, அதாவது பயன்படுத்தத் தயாராக இணைத்து, வைத்திருந்தது, அவ்வளவுதான். அன்மவுன்ட் செய்ததும் வேலை நடந்தது. இந்தச் செய்தி வந்தால் கட்டாயப்படுத்தும் ஆப்ஷனைப் போட்டு மீறாதீர்கள். நீங்கள் தப்பான டிஸ்க்கின் பெயரை அடித்திருக்கலாம். அது உங்களைக் காப்பாற்றுகிறது.

ஃபார்மேட் முடிந்து பார்த்தால் இடம் நிறையக் குறைந்திருந்தது. 4 டிபியில் 5 சதவீதம், அதாவது 200 ஜிபி, ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. இஎக்ஸ்டி4-ன் வழக்கமான அமைப்பு அது. சிஸ்டம் இருக்கும் டிஸ்க்குக்கு அந்த ஒதுக்கீடு தேவைதான், வெறும் வீடியோ போட்டுவைக்கும் டிஸ்க்குக்கு தண்டம். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் மைனஸ் எம் 1 என்று கொடுத்து 1 சதவீதமாக்கினேன். எந்த ஃபைலும் அழியாமல் 160 ஜிபி திரும்பிக் கிடைத்தது. அன்று ராத்திரி யாரும் தொடாமலே டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது இன்னொரு பயம். ஃபார்மேட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்ச வேலையைப் பிற்பாடு மெதுவாகப் பின்னணியில் எழுதிக்கொள்வது இதன் பழக்கம் என்று தெரிய வெகுநாள் ஆயிற்று. கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைக்கூட எடுத்துவைத்துவிட்டேன்.

அப்புறம் வந்தது 'பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்பிளாக்'. சூப்பர்பிளாக் என்பது ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம். முதல்முறை எஃப்எஸ்சிகே ஓட்டியபோது இந்த வரியைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நடந்தது இதுதான்: எஸ்டிபி1 என்று பார்ட்டிஷனைச் சொல்வதற்குப் பதில் எஸ்டிபி என்று முழு டிஸ்க்கைச் சொல்லியிருந்தேன். ஃபைல் சிஸ்டம் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. டிஸ்க்கின் தலையில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒரு எண்ணை விட்டதற்கு இவ்வளவு பெரிய மிரட்டல். இப்போதெல்லாம் முதலில் எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப் அடித்து, எந்தப் பார்ட்டிஷனில் என்ன ஃபைல் சிஸ்டம் என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டளை. சூப்பர்பிளாக் நிஜமாகவே கெட்டுப்போனாலும் வழி இருக்கிறது. அதன் நகல்கள் டிஸ்க்கில் பல இடங்களில் உண்டு. 4 கேபி பிளாக் (டிஸ்க்கைப் பிரித்துக்கொள்ளும் சின்னத் துண்டு) என்றால் முதல் நகல் 32768-ம் பிளாக்கில். மைனஸ் பி 32768 என்று கொடுத்தால் அந்த நகலைப் பிடித்துக்கொண்டு சோதிக்கும். நகல்கள் எங்கெங்கே என்று பட்டியல் கேட்க எம்கேஎஃப்எஸ்ஸையே மைனஸ் என் போட்டு ஓட்டலாம் என்பார்கள். அந்த மைனஸ் என் போட மறந்தால் டிஸ்க் ஃபார்மேட் ஆகிவிடும். நான் அந்தப் பக்கமே போவதில்லை, 32768 மனப்பாடம்.

மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் இஎக்ஸ்டி4 என்னைக் கைவிட்டதில்லை. ஜர்னலை (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏட்டை) மீட்கிறேன் என்று ஒரு வரி, பிறகு 'க்ளீன்' என்று ஒரு வரி, சில நொடிகளில் முடிந்துவிடும். இதைப் பார்த்துப் பார்த்து, 'க்ளீன்' என்றால் டிஸ்க் முழுக்கச் சோதித்துச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. சூப்பர்பிளாக்கில் இருக்கும் ஒரு குறியைப் படித்துவிட்டுச் சொல்கிற பதில் அது. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே 'எல்லாம் சரியா இருக்கு சார்' என்கிற மாதிரி. எழுந்து சுற்றிவரச் சொல்ல மைனஸ் எஃப் போட வேண்டும். கூடவே மைனஸ் சி 0 (பெரிய எழுத்து C) போட்டால் எவ்வளவு முடிந்தது என்று காட்டும். இல்லாவிட்டால் கர்சர் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி 2018. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வைகாசி முகூர்த்த நெருக்கடியில், கூட வேலை செய்யும் பையன் வந்து நின்றான். "அண்ணே, காப்பி ஆக மாட்டேங்குது. ரீட்-ஒன்லின்னு வருது." ஜர்னலில் எழுத முடியாமல் போனால் இஎக்ஸ்டி4 மேற்கொண்டு சேதம் வேண்டாம் என்று தன்னைத்தானே ரீட்-ஒன்லி ஆக்கிக்கொள்ளும். அன்மவுன்ட் செய்து எஃப்எஸ்சிகே மைனஸ் ஒய் ஓட்டினேன். மைனஸ் ஒய் என்றால் அது கேட்கிற எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்று முன்கூட்டியே தலையாட்டிவிடுவது. ஏதேதோ திருத்தியது, சரியானது. நாலு நாள் கழித்து மறுபடியும் அதே பல்லவி. மறுபடியும் மைனஸ் ஒய். மூன்றாவது முறை திரையில் வரிகள் வேகமாக ஓடின: இந்த பிளாக்கைப் படிக்க முடியவில்லை, பிழையைப் புறக்கணிக்கவா? ஆமாம். கட்டாயமாகத் திரும்ப எழுதவா? ஆமாம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து திறந்தால் '2017' என்ற ஃபோல்டரைக் காணோம்.

நடந்ததைப் பிற்பாடு இப்படிப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு உண்டு. அளவு, தேதி, டிஸ்க்கில் எந்தெந்த இடம் எல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயர் அதைத் தாங்கும் ஃபோல்டரில் இருக்கும். ஒரு ஐநோடு 256 பைட் என்றால் ஒரு 4 கேபி பிளாக்கில் 16 ஐநோடுகள். படிக்க முடியாத பிளாக்கைத் திரும்ப எழுதச் சொன்னபோது, கையில் எதுவும் படித்து வராத நிலையிலேயே அது எழுதிவிட்டது. அந்த 16 இடங்களில் இருந்த பதிவெல்லாம் ஒரே அடியில் போயிற்று. அதில் ஒன்று '2017'. தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகளை எஃப்எஸ்சிகே லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் கொண்டுபோய் எண் போட்டு நிறுத்திவைத்திருந்தது. ஒவ்வொரு கல்யாணமும் ஒரு உள்ஃபோல்டர் என்பதால் உள்ளே இருந்த பெயர்கள் அப்படியே இருந்தன. யார் வீட்டுக் கல்யாணம் என்ற மேல்பெயர்தான் வெறும் எண். 11 ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோவைத் திறந்து, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தேன். அதே பிளாக்கில் பதிவு இருந்த இரண்டு வீடியோ மட்டும் போனது போனதுதான்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லை, கை காலி. அப்போதுதான் முதல்முறையாக டிமெசேஜ் அடித்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படித்தேன். ஃபைல் சிஸ்டம் பிழைகளுக்கு மேலே, ஒவ்வொரு முறையும், 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று ஒரு வரி. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே பேச்சு அறுந்து அறுந்து ஒட்டியிருக்கிறது. ஸ்மார்ட்சிடிஎல் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். மாற்றி அமைத்த செக்டர்களைச் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகளைச்) சொல்லும் 5-ம் எண் பூஜ்யம். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களைச் சொல்லும் 197-ம் பூஜ்யம். 199-ல் மட்டும் 1,846. அது சிஆர்சி பிழை எண்ணிக்கை: தகவல் வரும் வழியில் சிதைந்தது என்று பொருள். டிஸ்க்கின் தட்டில் ஒரு குறையும் இல்லை.

50 ஜிபி காப்பி செய்து பார்த்தேன்: 1,871. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும், கம்ப்யூட்டர் வாங்கியபோதே வந்த சிவப்பு நிற சாட்டா கேபிளைக் கழற்றினேன். ஒரு முனையில் பிடிப்பு உடைந்து லொடலொடவென்று ஆடியது. நூறு ரூபாய்க்குள் கிடைத்த புதுக் கேபிளை மாட்டி மறுபடி 50 ஜிபி. 1,871. அந்த எண் குறையவே குறையாது, ஆனால் ஏறாமல் நின்றால் போதும். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அது 1,871-லேயே நின்றது.

எஃப்எஸ்சிகே மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கணக்குப்பிள்ளை. பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகச் செய்வது அதன் வேலை; கிடங்குக் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது நம் வேலை. கூரை ஒழுகும்போது கணக்கை நேராக்கச் சொன்னால், நனைந்து போன சரக்கைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டு 'டேலி ஆச்சு' என்று சொல்லும். இப்போது நான் முதலில் டிமெசேஜ், அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் பார்க்கிறேன். பிறகு எஃப்எஸ்சிகேயை மைனஸ் என் போட்டு, எதையும் எழுதாமல், என்னென்ன பிழை என்று மட்டும் சொல்லச் சொல்கிறேன். மைனஸ் ஒய் போட்டு டீ குடிக்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

சின்னச் சாமான்களில் வேறு மாதிரி ஏமாற்றங்கள். ஒரு மெமரி கார்டை ஃபார்மேட் செய்தால் 'முடிந்தது' என்று வரும். கழற்றி மாட்டினால் பழைய போட்டோக்கள் சிரித்துக்கொண்டு நிற்கும். ஆயுள் முடிந்த சில கார்டுகள் எழுதுவதை ஏற்பதுபோல் நடித்துவிட்டு எதையும் எழுதாது. அதோடு மல்லுக்கட்டாமல் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதான். மலிவு விலையில் வாங்கிய பென் டிரைவ் ஒன்று தன்னை 512 ஜிபி என்று சொல்லிக்கொண்டது. ஃபார்மேட்டும் ஆயிற்று, சோதனையும் பாஸ். எஃப்3 என்ற கருவியால் முழுக்க எழுதித் திரும்பப் படித்ததில் நிஜத்தில் 32 ஜிபிகூடத் தேறவில்லை. விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிஸ்க் லினக்ஸில் எழுத மறுத்தால், பாதி நேரம் பிழை டிஸ்க்கில் இருக்காது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்தால் சரியாகிவிடும்.

2023-ல் அந்த 4 டிபி டிஸ்க்குக்கு நிஜமாகவே வயதாயிற்று. 197-ம் எண் 8 ஆகி, ஒரு வாரத்தில் 24 ஆயிற்று. இந்த முறை எஃப்எஸ்சிகே பக்கமே போகவில்லை. இரண்டு புது டிஸ்க் வாங்கினேன். ஒன்றில் டிடிரெஸ்க்யூ வைத்து அப்படியே நகல் எடுத்தேன். படிக்க வராத இடத்தை முதலில் தாண்டிப்போய், நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு, கடைசியில்தான் மோசமான இடத்துக்குத் திரும்பும் கருவி அது. சோதனையும் திருத்தமும் நகலின் மேல்தான். ஒரே ஒரு ஃபைல் கெட்டிருந்தது, அதுவும் எப்போதோ கொடுத்து முடித்த ஆல்பம்.

இன்னொன்றை ஃபார்மேட் செய்யும்போது மைனஸ் டி (பெரிய எழுத்து T) லார்ஜ்ஃபைல் என்று சேர்த்தேன். வழக்கமான முறையில் 4 டிபிக்கு சுமார் 24 கோடி ஐநோடு போட்டுவைக்கும். அதற்கே 60 ஜிபிக்கு மேல் போய்விடும். என்னிடம் இருப்பதோ சில ஆயிரம் பெரிய வீடியோக்களும் அவற்றோடு போட்டோக்களும். லார்ஜ்ஃபைல் போட்டால் அந்த 60 ஜிபி கிட்டத்தட்ட 1 ஜிபியாகச் சுருங்கிவிடுகிறது, முழுச் சோதனையும் சீக்கிரம் முடிகிறது. ஃபார்மேட் செய்யும்போதே கொடுக்க வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல் வைப்பவர்களுக்கு இது ஆகாது.

அந்தச் சிவப்பு கேபிளை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மேசை டிராயரில் போட்டிருந்தேன். போன வருடம் பையன் அதை எடுத்து எடிட்டிங் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, "அண்ணே, ரீட்-ஒன்லின்னு வருது" என்றான். கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.