நியூட்டோனியனில் கமரா: திருகாணியா, புரியா?

நியூட்டோனியன், அதாவது குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கியின் ஃபோகஸரில் (கூர்மையைச் சரிசெய்யும் குழாய்ப் பகுதி) கமராவை மாட்ட இரண்டு வழி. 2 அங்குலக் குழாயைச் செருகித் திருகாணியால் இறுக்கலாம். அல்லது கோமா கரெக்டர் (படத்தின் ஓரத்தில் நட்சத்திரங்கள் வால்விடுவதைத் திருத்தும் வில்லைத் தொகுதி) முதல் கமரா வரை எல்லாவற்றையும் எம்48 (48 மில்லிமீற்றர் விட்டம்) திருகுப் புரியால் முறுக்கிப் பூட்டலாம்.

கண்ணால் பார்க்கும் ஐபீஸ் என்றால் செருகினாலே போதும். கமரா ஏறும்போதுதான் சிக்கல். குழாய் உள்ளே நுழைய வேண்டுமென்றால் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். ஒற்றைத் திருகாணி குழாயை ஒரு பக்கம் தள்ளும். விழாமல் இருக்கக் குழாயில் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் திருகாணி ஏறினால் சாய்வு இன்னும் கூடும். எஃப்/4 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு) கண்ணாடியில் கூர்மை நிற்கும் ஆழம் ஏறக்குறைய 0.04 மில்லிமீற்றர்தான். ஒரு மூலையில் நட்சத்திரம் புள்ளி, எதிர் மூலையில் முட்டை! தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் மறுபக்கம் புரண்டதும் அந்த முட்டையும் இடம் மாறும்.

புரியில் இந்தத் தொல்லை இல்லை. கரெக்டரிலிருந்து சென்சர் வரை 55 மில்லிமீற்றர் தூரம் கேட்கும் கரெக்டருக்கு கெனன் டிஎஸ்எல்ஆரின் உள்ளே 44, கமராவைப் புரியோடு இணைக்கும் டி-ரிங்கின் 11, கணக்குச் சரி. கமராவின் கோணத்தை நினைத்தபடி திருப்ப முடியாது என்பது குறைதான். அப்புறம், கொழும்பின் கடலோரக் காலி முகத்திடல் பக்கம் கொண்டுபோனால் உப்புக்காற்றில் அலுமினியப் புரி இறுகும், துடைத்து வையுங்கள்.

நெபுலா, விண்மீன் கூட்டம் என்றால் நான் புரியைத்தான் சொல்வேன். வெள்ளவத்தை மொட்டை மாடி வெளிச்சத்தில் வியாழனும் சனியும் மட்டும் எடுப்பவருக்குச் சின்னச் சென்சர்தானே, மூலைகளைப் பற்றிக் கவலையில்லை. மூன்று திருகாணி உள்ள ஃபோகஸரில் செருகிவிடுங்கள்.