ஜெர்மனிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் படியுங்கள்: இன்சூரன்ஸ் இருந்தும் 4,380 யூரோ போச்சு

ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் தம்பி ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். ஜூலையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பில் 4,380 யூரோ. நம்ம காசில் நாலு லட்சத்துக்கு மேல். இன்சூரன்ஸ் இல்லாமல் இல்லை, ஒரு வருடத்துக்கு 38,000 ரூபாய் கட்டி எடுத்திருந்தோம். ஒரு சென்ட் கூடத் தர முடியாது என்று கடிதம் வந்துவிட்டது.

அதை எங்களிடம் விற்றது திருச்சியில் அட்மிஷன், விசா வேலையெல்லாம் பார்த்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சி. பெயர் வேண்டாம். இந்த மாதிரி இடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

2025 பிப்ரவரியில் அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், எங்களிடம் பேசிய ஆளே எழுந்துபோய்ச் சீனி போடாத காபி வாங்கி வந்தார். அம்மா அங்கேயே அவரை நம்பிவிட்டார். படிவத்தில், முன்பு ஏதாவது நோய்க்குச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று ஒரு கேள்வி. தம்பிக்கு 2023-ல் சிறுநீரகக் கல் இருந்தது. ஸ்கேனில் 4 மி.மீ. என்று வந்தது, வாழைத்தண்டுச் சாறும் தண்ணீருமாகக் குடித்துத் தானாகவே வெளியே போய்விட்டது. அம்மா அதை மறைக்காமல் சொன்னார். அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்ல கல்லு வராத பையன் யாரும்மா இருக்கான்? இதை எழுதினா ஃபைல் இழுத்துக்கிட்டே கிடக்கும். நான் பார்த்துக்கறேன், தம்பி என் பொறுப்பு." சொல்லிவிட்டு "இல்லை" என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்தார். தம்பி கீழே கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது, அது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஜெர்மனியில் 30 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்குப் பப்ளிக் இன்சூரன்ஸ், அதாவது அந்த நாட்டுப் பொது மருத்துவக் காப்பீடு உண்டு. இப்போது மாதம் 140 யூரோவைத் தாண்டும். பழைய நோய் என்ன என்று கேட்கவே மாட்டார்கள். எங்களுக்கு விற்றதோ பயணிகளுக்கான பாலிசி. விசாவுக்கும், அங்கே போய்க் கல்லூரியில் சேரும் வரைக்கும் அது போதும். அதையே வருடம் முழுக்க ஓட்டலாம், மாதா மாதம் நூறு யூரோ மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படி ஓட்டுவதென்றால் பப்ளிக் இன்சூரன்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலக்கு வாங்க வேண்டும். பெஃப்ரையுங் என்பார்கள். அதற்கான மின்னஞ்சலையும் இவர்களே தயார் செய்து அனுப்பினார்கள், தம்பி ஏப்ரலில் கையெழுத்துப் போட்டான். ஒருமுறை வாங்கிவிட்டால் படிப்பு முடியும் வரை அந்த விலக்கை மாற்ற முடியாது. இந்த ஒரு வரியை அன்றைக்கு யாரும் எங்களிடம் சொல்லவில்லை!

ஜூலையில் ஒரு நாள் ராத்திரி இடுப்பு வலி, குளிர் ஜுரம். ரூம்மேட் 112-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் வரவழைத்தான். 6 மி.மீ. கல் சிறுநீர்க் குழாயில் மாட்டியிருந்தது. எடுத்து, சிறுநீர் தடையில்லாமல் போக ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் கேட்டபோது, முன்பு ஒருமுறை கல் வந்தது என்று தம்பி உண்மையைச் சொல்லியிருக்கிறான். டிஸ்சார்ஜ் கடிதத்தில் அது ஒரு வரியாக ஏறிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இது ஏற்கெனவே இருந்த நோய், படிவத்தில் மறைத்துவிட்டீர்கள் என்று கையை விரித்துவிட்டது.

கன்சல்டன்சிக்காரரை எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! முதலில் "மேடம், மீட்டிங்ல இருக்கேன்". அப்புறம் "ஜெர்மனியில இப்ப லீவு சீசன்". அப்புறம் சீனியர் பேசுவார் என்றார், யாரும் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழும், பதில் வராது. ஆகஸ்டில் அரை நாள் லீவு போட்டு நேரில் போனேன். அந்த நாற்காலியில் புதிதாக ஒரு பெண். "அவர் வேலையை விட்டுட்டாரே" என்றார். அவருக்கு மேலே இருந்தவர் என் ரசீதை என் பக்கமே திருப்பிக் காட்டினார். 38,000 ரூபாய்க்கு நேராக "டாக்குமென்டேஷன் கட்டணம்" என்று இருந்தது. "இன்சூரன்ஸ் நாங்க விக்கறதில்லை மேடம், அறிமுகம்தான் செய்யறோம். டிக் பண்ணினது உங்க தம்பி கையெழுத்துக்கு மேலதானே?" என்றார். அன்றைக்குக் காபி தரவில்லை.

அதற்குள் பில்லைக் கட்டச் சொல்லித் தம்பிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நினைவூட்டல் கடிதங்கள் வந்துவிட்டன. விசாவுக்காக முன்கூட்டியே செலவுப் பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் நாங்கள் கட்டிய 11,904 யூரோவிலிருந்து அவசரம் என்றாலும் மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992 தான் வரும். ஆஸ்பத்திரியில் கெஞ்சி 12 தவணையாக்கியிருக்கிறான், தவணைக்கு 365 யூரோ. ரூம் வாடகை 310. மீதி 317 யூரோவில் சாப்பாடு, போன், எல்லாம். ஒரு வேளைதான் சமைக்கிறான் என்று ரூம்மேட் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பப்ளிக் இன்சூரன்ஸில் ஆஸ்பத்திரியில் தங்கினால் நோயாளி கட்ட வேண்டியது ஒரு நாளைக்கு 10 யூரோ. மூன்று நாளுக்கு 30 யூரோ. எங்களுக்கு ஆனது 4,380. மாதம் நூறு யூரோ மிச்சம் என்று சொன்ன வாயை என்ன செய்வது? பாலிசியும் அடுத்த மார்ச்சில் முடிகிறது. புதிதாக எடுக்கப் போனால் எல்லா இடத்திலும் முதல் கேள்வி கல்லைப் பற்றித்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் அங்கே தங்குவதற்கான ரெசிடென்ஸ் பெர்மிட்டை எப்படி நீட்டிப்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முக்கியமானது மட்டும். 30 வயதுக்குள் என்றால் பப்ளிக் இன்சூரன்ஸே எடுங்கள், பயண பாலிசி கல்லூரியில் சேரும் நாள் வரைக்கும்தான். உடம்புக்கு வந்ததை மறைக்காமல் எழுதுங்கள், டிக் அடிக்க யாரையும் விடாதீர்கள். ரசீதில் எதற்கு என்று என்ன போட்டிருக்கிறது என அங்கேயே நின்று படியுங்கள். இந்த அக்டோபரில் சேர்ந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே போன் போட்டு, பெஃப்ரையுங்கில் கையெழுத்துப் போட்டாயா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பி லைனில் வந்துவிட்டான், அம்மா கூப்பிடுகிறார்.