வயிற்றுப் புற்றுநோய்: கீமோ ஆபரேஷனுக்கு முன்னாலா, பின்னாலா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்தில் புற்றுநோய் என்றால் பலரும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான் (மண்டலப் புற்றுநோய் மையம்) ஓடுவார்கள். இரைப்பையில் கட்டி, வேறு உறுப்புக்குப் பரவவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "வெட்டி எடுத்துட்டா போதும்லா?" ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் போதாது. கீமோவும் வேண்டும். அதை எப்போது கொடுப்பது என்பதில்தான் போட்டி.

முதல் வழி ஃப்ளாட் (FLOT) என்ற மருந்துக் கலவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆபரேஷனுக்கு முன் நான்கு தடவை, பின் நான்கு தடவை. இதில் ஒரு மருந்து 24 மணி நேரம் ஏறும். 2019-இல் வந்த ஜெர்மன் ஆய்வில் பாதிப் பேர் 50 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். பழைய கலவையில் அது 35 மாதம்.

இரண்டாவது கேப்பாக்ஸ் (CAPOX) என்ற கலவை. முதலில் ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு டிரிப், இரண்டு வாரம் வீட்டிலேயே மாத்திரை. காலையில் போய் டிரிப் ஏற்றிவிட்டு அன்றே குழித்துறைக்கு ரயில் ஏறிவிடலாம். கொரியா, சீனா, தைவான் ஆய்வில் ஐந்தாண்டு கழித்து 100-க்கு 78 பேர் உயிரோடு இருந்தார்கள்; ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 69.

இந்த 78-ஐப் பார்த்து மயங்கக் கூடாது. ஆபரேஷன் நல்லபடி முடிந்து தேறியவர்களை மட்டும் வைத்து எடுத்த கணக்கு அது. ஃப்ளாட் கணக்கு கத்தி வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. இரைப்பை போனபின் சாப்பாடு இறங்காது, எடை குறையும். ஃப்ளாட் ஆய்விலேயே எட்டையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. முன்னாலேயே நான்கு ஏறியிருந்தால் அதுவாவது மிச்சம். உடம்பு தாங்குமென்றால் என் ஓட்டு ஃப்ளாட்டுக்கு.

வயதானவர், இதயக் கோளாறு உள்ளவர், ரத்தக்கசிவால் அவசரமாக வெட்டியவர் விஷயம் வேறு. அங்கே டாக்டர் மருந்தைக் குறைப்பார், சிலருக்குக் கீமோவே வேண்டாம் என்பார். கேப்பாக்ஸ் மாத்திரையில் உள்ளங்கை சிவந்து தோல் உரியலாம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிரிப் ஏறிய சில நாள் குளிர்ந்த தண்ணீர் தொட்டாலே விரல் சுரீர் என்னும், பழங்கஞ்சியும் ஆகாது. இது டிரிப்பில் ஏறும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தின் வேலை. ஃப்ளாட்டிலும் அதே மருந்து உண்டு.

ரேடியேஷன்? 2001-இல் அமெரிக்க ஆய்வொன்றில் பலன் தெரிந்தது. ஆனால் அதில் பெரும்பாலோருக்கு நிணநீர் முடிச்சுகளைச் சரியாக எடுக்கவில்லை. நன்றாக எடுத்தவர்களுக்குக் கீமோவோடு இதையும் சேர்த்துப் பெரிய லாபம் வரவில்லை. ஐந்து வாரம் தினமும் போய்வர வேண்டும் வேறு. யாராவது ரேடியேஷன் என்றால், ஆபரேஷனுக்குப் பின் வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் எத்தனை முடிச்சுகள் எண்ணப்பட்டன என்று பாருங்கள். 15-க்கும் குறைவாக இருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு.