தடைக்காலத்துல ஆரம்பிச்ச வெஜ் கேரியர், 61 நாள் வெஜ்ஜா இருந்துட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் வட சென்னை, ராயபுரம் கல்மண்டபம். எங்க வீட்ல வாரத்துல நாலு நாள் மீனு, ஒரு நாள் கறி, மிச்ச ரெண்டு நாள் கருவாடு. வெள்ளிக்கிழமை விளக்கேத்துற வரைக்கும்தான் பொறுமை, அதுக்கப்புறம் நெத்திலி சட்டி அடுப்புல ஏறிடும். அப்படிப்பட்ட நான் ரெண்டு மாசம் முழு வெஜ்ஜா இருந்தேன்னு சொன்னா எங்க தெருவுல இன்னும் யாரும் நம்பல. அதனால இதை சைவ சாப்பாட்டுல பொறந்து வளந்தவங்க எழுதுற ரிவ்யூவா நினைச்சுக்காதீங்க.

மார்ச்ல ஆபீஸ்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, எனக்கு ட்ரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல இருக்குற கொழுப்பு, 268, மூணு மாச சராசரி சுகர் 6.1. டாக்டர் நல்ல மனுஷன், "மீனு மேல எனக்கு கோவம் இல்லம்மா, நீங்க அதை வறுக்குற எண்ணெய் மேலயும் அது கூட குவிக்கிற சோறு மேலயும்தான் கோவம்"னு சொன்னாரு. ஆனா என் பிரச்சினை எனக்கு தெரியும், தட்டுல வஞ்சிரம் வறுவல் இருந்தா சோறு எத்தனை கரண்டி போச்சுனு எனக்கு கணக்கே இருக்காது. கொஞ்ச நாள் மொத்தமா விட்டுப் பாத்துடலாம்னு முடிவு பண்ணேன். அதுக்கு நாளும் தோதா அமைஞ்சுது, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கிழக்கு கடற்கரைல 61 நாள் மீன்பிடி தடை, விசைப்படகு எல்லாம் காசிமேட்டுல கட்டிப் போட்டுருவாங்க, ஃபைபர் போட்டுல வர்றதும் கேரளால இருந்து ஐஸ்ல வர்றதும்தான், அதுவும் வெல கேட்டா தலை சுத்தும். எங்க மாமியார் கூட "இன்னாமே, வுடணும்னா இப்பவே வுட்டுரு, அப்புறம் போட்டு கரைக்கு வந்துச்சுனா நீ எங்க வுடப்போற"னாங்க. சரியான பாயிண்ட்.

மொதல்ல நான் செஞ்ச முட்டாள்தனத்த சொல்லிடுறேன். ஆப்ல ஒரு ஹெல்தி வீகன் பாக்ஸ், அதாவது பால், தயிர் கூட இல்லாத சைவம், பேரு வேணாம், ஒரு டப்பா 289 ரூபா. கீன்வா, நாலு பூ ப்ரோக்கோலி, ரப்பர் மாதிரி டோஃபு ரெண்டு துண்டு, மேல ஏதோ விதை. பாக்க அழகா இருக்கும், ஃபோட்டோ எடுக்கலாம். ஒரு மணிக்கு சாப்பிட்டா நாலு மணிக்கு பீச் ஸ்டேஷன் வாசல்ல நின்னு சமோசா தின்னுட்டு இருப்பேன், அப்ப மொத்த கணக்குல அது வீகன் டப்பா பிளஸ் ரெண்டு சமோசா. எட்டாவது நாள் நிறுத்திட்டேன், வாலட்ல இருந்த 1,400 ரூபா இன்னும் வரல, கேட்டா "உங்கள் பொறுமைக்கு நன்றி"னு மெஷின் பதில் சொல்லுது, எனக்கு பொறுமை இருக்குனு அதுக்கு யாரு சொன்னாங்கனு தெரியல.

இப்ப விஷயத்துக்கு வரேன். பழைய வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோடு துணிக்கடை கும்பலுக்கு பின்னாடி இருக்குற ஒரு சந்துல, ஒரு அக்கா வீட்டு முன்னாடி ரூம்ல மெஸ் நடத்துறாங்க. போர்டு கிடையாது, பேரும் கிடையாது, வாசல்ல ஒரு நீல ட்ரம்மும் கைகழுவுற குழாயும்தான் அடையாளம். மூணு பெஞ்சு, பன்னெண்டு பேரு உக்காரலாம். தட்டு 90 ரூபா, மாசக் கணக்கு கேரியர்னா 26 நாளுக்கு 2,200. அவங்க பையன் எக்ஸ்.எல். வண்டில மண்ணடி, பீச் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வந்து குடுக்குறான். எங்க ஆபீஸ் அரண்மனைக்காரன் தெருவுல, இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல பில் ஆஃப் என்ட்ரி போடுற வேலை, பகல்ல சாப்பாட்டுக்கு வெளிய போனா திரும்பி வர்றதுக்குள்ள பத்து மெயில் வந்து நிக்கும், அதனால கேரியர்தான் சரிப்படும். சனிக்கிழமை அரை நாள், அன்னிக்கு மட்டும் நேர்ல போய் சாப்பிடுவேன்.

நேர்ல போனப்பதான் இந்த இடத்தோட சூட்சுமம் புரிஞ்சுது. நம்ம ஊர்ல எந்த மெஸ்லயும் இலை போட்ட உடனே நடுவுல சோத்த மலை மாதிரி கொட்டிட்டு ஓரத்துல பொரியல் ஒரு ஸ்பூன் வைப்பாங்க இல்லையா, இந்த அக்கா உல்டா. தட்டுல மொதல்ல கீரை ஒரு பெரிய கரண்டி, அப்புறம் காய் ரெண்டு வகை, அப்புறம் சுண்டலோ பயறோ ஒரு கிண்ணம் நிறைய கவுத்துறாங்க, கடைசியா மிச்சம் இருக்குற இடத்துல சோறு. இடம் எங்க இருக்கு? ரெண்டு கரண்டிதான் புடிக்கும். கேட்டா இன்னொரு கரண்டி போடுவாங்க, ஆனா போடும்போது ஒரு பார்வை பாப்பாங்க, அந்த பார்வைக்கு பயந்தே நான் கேக்குறதில்ல. சோறும் புழுங்கல், கைக்குத்தல், சாமை மூணுல எது வேணுமோ அது. சாமை ஆறிப்போனா கேரியர்ல கட்டி கட்டியா ஆயிடுது, கேரியர்காரங்க கைக்குத்தல் வாங்குங்க.

ஒரு நாள் சும்மா கேட்டேன், எவ்ளோ பருப்புக்கா போடுறீங்கனு. "அறுபது பேருக்கு பருப்பு, பயறு, கொட்டை எல்லாம் சேத்து மூணு கிலோ கண்ணு"னாங்க. அப்ப தலைக்கு 50 கிராம். 2024ல ஐ.சி.எம்.ஆரோட ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்.ஐ.என்.) வெளியிட்ட சாப்பாட்டு வழிகாட்டியில ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகைனு இருக்கு, ஒரே வேளைல பாதிக்கு மேல வந்துருச்சு, ராத்திரி வீட்ல ஒரு அடையோ பச்சைப்பயறு தோசையோ போட்டா மிச்சமும் ஆச்சு. காய்ஞ்ச பருப்பு எதுவா இருந்தாலும் நூறு கிராமுக்கு இருபது சொச்சம் கிராம் புரோட்டீன், வேர்க்கடலை 25, மீல் மேக்கர் 50 தாண்டும். வெஜ்ஜுக்கு மாறினா புரோட்டீனுக்கு எங்க போறதுனு கேக்குறவங்க வீட்டு சாம்பார எட்டிப் பாருங்க, பருப்பு இருக்குதா பருப்பு கழுவின தண்ணி இருக்குதானு. எங்க வீட்டு சாம்பார் ரெண்டாவது வகை, மீன் குழம்புல போட்ட உழைப்ப நாங்க சாம்பார்ல போட்டதே இல்ல.

செவ்வாய்க்கிழமை மொச்சைக் குழம்பு. இதுக்கு தனியா ஒரு பாரா எழுதலனா அந்த அக்காவுக்கு நான் செய்ற துரோகம். காய்ஞ்ச மொச்சை, கத்திரிக்கா, அதுல புளிப்பு மாங்காவ கொட்டையோட வெட்டிப் போட்டு, பூண்ட முழுசு முழுசா நல்லெண்ணெய்ல சுட்டு, வெந்தயம் கொஞ்சம் தூக்கலா. மண்சட்டில வைக்கிறாங்க. மொத தடவை கேரியரோட அந்த அடுக்க திறந்தப்ப பக்கத்து சீட்டு பொண்ணு திரும்பிப் பாத்து "அக்கா இன்னிக்கு விரதம் முறிச்சிட்டீங்களா"னு கேட்டுச்சு. மாங்கா போட்ட மீன் குழம்புல மீன மட்டும் எடுத்துட்டா எப்படி இருக்கும், அப்படியே அது. நான் 61 நாள் தாக்குப் புடிச்சதுக்கு என் மன உறுதி காரணம் இல்ல, அந்த மாங்காதான். புதன்கிழமை கொள்ளு ரசம் நல்லா இருக்கும், வியாழன் முருங்கைக்கீரைல வேர்க்கடலை பொடிச்சுப் போட்டது, அதுவும் ஓகே. மீல் மேக்கர் குருமா மட்டும் எனக்கு புடிக்கல, ஸ்பாஞ்ச கடிச்ச மாதிரி, மசாலா உள்ள போகவே இல்ல, இத கறி மாதிரி இருக்குனு சொல்றவங்க கறி சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சோ.

குறையும் இருக்கு. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்கா வறுவல், அப்பளம்னு போட்டு அஞ்சு நாள் புண்ணியத்த ஒரே நாள்ல கரைச்சிடுறாங்க, கேரியர்ல அடித்தட்டுல எண்ணெய் தேங்கி நிக்கும். கேட்டா "வெள்ளிக்கிழமைனா ஜனங்க கேக்குதுமா"ங்கறாங்க. உப்பும் கொஞ்சம் கூட, ரசம் குடிச்சா சாயந்தரம் வரைக்கும் தாகம். எம்.சி. ரோட்டுல பண்டிகைக் கூட்டம்னா பையன் வர ஒன்றரை ஆயிடும். அப்புறம் அஞ்சாவது வாரத்துல மெனு அப்படியே திரும்பி வரும்போது ஒரு சலிப்பு வருது, புடலங்காவ இனிமே என் வாழ்க்கைல பாக்கவே கூடாதுனு தோணுச்சு.

வீகன்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி முழு வீகன், பால், தயிர், நெய் எதுவும் தொடமாட்டான், அவனும் என்ன பாத்து இந்த கேரியர்ல சேந்தான். மூணாவது நாள்தான் தெரிஞ்சுது பருப்பு கடைசல் மேல அக்கா நெய் ஊத்துறாங்கனு. அவங்கள பொறுத்தவரைக்கும் வெஜ்னா வெஜ், நெய்ல என்னா தப்புனு நிஜமாவே புரியல, "பால் கூட இல்லியா, பாவம் யாராச்சும் சாபம் குட்டாங்களா"னு கேட்டாங்க. விளக்கி சொன்னதுக்கப்புறம் அவனுக்கு மட்டும் நெய் ஊத்துறதுக்கு முன்னாடி எடுத்து வைக்கிறாங்க, மோர் குழம்பு அன்னிக்கு அவனுக்கு வத்தக்குழம்பு. சொன்னா செய்றாங்க, ஆனா சொல்லணும். கடைல வாங்குற பொருளுக்கும் இதே கதைதான், பாக்கெட்ல இருக்குற பச்சை புள்ளி கறி, மீன், முட்டை இல்லனு மட்டும்தான் சொல்லுது, பால் இருக்கலாம். வீகனுக்கு தனியா வி எழுத்துல குட்டி இலை வச்ச பச்சை முத்திரை இருக்கு. ரெண்டுமே உடம்புக்கு நல்லதுனு சொல்ற முத்திரை கிடையாது. நான் பச்சை புள்ளிய நம்பி டயட் மிக்ஸர்னு ஒண்ணு வாங்கி ஒரே வாரத்துல அரை கிலோ காலி பண்ணவ.

அதே மாதிரி தங்கசாலை கதை. வெஜ்ஜுக்கு மாறின புதுசுல, நம்ம வட சென்னைலயே ஒரு ஏரியா முழுக்க சுத்த சைவம் இருக்கே, சௌகார்பேட்டைனு, அங்க இருக்குற தங்கசாலை தெருவுக்கு சனிக்கிழமை சாயந்தரம் கிளம்பிட்டேன். கச்சோரி, முறுக்கு சாண்ட்விச், சூடா ஜிலேபி. எல்லாம் வெஜ், வெங்காயம் பூண்டு கூட இல்லாத வெஜ் கேட்டாலும் கிடைக்கும். நாலு சனிக்கிழமைல ஒரு கிலோ ஏறினேன். காசிமேட்டுல மீன் தின்னுட்டு இருந்தப்ப கூட அப்படி ஏறல. அங்கிருந்து நடக்குற தூரத்துல ஏழுகிணறு வீராசாமி தெருவுலதான் வள்ளலார் சின்ன வயசுல இருந்து பல வருஷம் இருந்தாரு, 1867ல வடலூர்ல அவர் ஏத்தின அடுப்பு இன்னும் எரியுது, கஞ்சியும் சோறும் போடுறாங்க. உயிரைக் கொல்லாதனு சொன்னவரு ஜிலேபிய குவிச்சு தின்னுனு சொல்லல, அது நானா சேத்துக்கிட்டது.

உடம்பு சமாச்சாரம் கேப்பீங்க. மொத பத்து நாள் கேஸ். ஆபீஸ்ல ஏசி ரூம், நாலு பேரு, நான் பட்ட பாடு சொல்ல முடியாது. அக்கா கிட்ட வெக்கத்த விட்டு சொன்னேன், அன்னிக்கே "உனக்கு திடீர்னு இவ்ளோ கொட்டை புதுசு, பாதி கிண்ணத்துல ஆரம்பி, வாராவாரம் ஏத்திக்கலாம்"னாங்க. கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறவச்சு அந்த தண்ணிய கீழ ஊத்திட்டு புதுத் தண்ணில வேகவைக்கணும், பெருங்காயம், இஞ்சி சேக்கணும்னு வீட்டுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல சரியாச்சு. இன்னொண்ணு டீ. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா கீரைல இருக்குற இரும்புச் சத்து உடம்புல சரியா சேராது, ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க, சாப்பாட்டோட எலுமிச்சையோ நெல்லிக்காவோ இருந்தா நல்லா சேரும். அக்கா தினமும் உப்பு நெல்லிக்கா ஒண்ணு வைக்கிறது இதுக்குத்தானானு கேட்டேன், "அதெல்லாம் தெரியாது, எங்க ஆயா வைக்கும்"னாங்க.

பி12 மட்டும் இந்த தட்டுல கிடைக்காது, எந்த சைவ தட்டுலயும் செடி கொடில இருந்து கிடைக்காது, பால் தயிர் எடுக்குறவங்களுக்கு கொஞ்சம் கிடைக்கும். முழு வீகன்னா மாத்திரையோ பி12 சேத்த உணவோ கட்டாயம் வேணும். எங்க ஆபீஸ் தம்பி கை விரல் மரத்துப் போகுதுனு போய் பாத்தப்ப பி12 ரொம்ப கம்மி, இப்ப டாக்டர் சொல்லி எடுத்துக்கறான். இத யாரும் சொல்லாம வெறும் கீரை ஸ்மூத்தி ஃபோட்டோ மட்டும் போட்டுட்டு இருக்காங்க, அதான் கடுப்பு.

ஜூன் மூணாவது வாரம் திரும்ப டெஸ்ட் எடுத்தேன், ட்ரைகிளிசரைடு 191. சுகர் 5.9. அப்படியே அக்கா கணக்குல எழுதிடாதீங்க, நான் சமோசாவ விட்டேன், தங்கசாலைக்கு போறத நிறுத்தினேன், ராத்திரி கல்மண்டபத்துல இருந்து நடந்தேன், சோறு பாதியாச்சு. சோறு பாதியானதுல மட்டும் அந்த அக்காவுக்கு பங்கு உண்டு.

தடைக்காலம் முடிஞ்சு போட்டு கடலுக்கு போய் திரும்பி வந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் விடியக்காலைல காசிமேடு போய் ரெண்டு கிலோ சங்கரா வாங்கிட்டு வந்துட்டாரு. சாப்பிட்டேன், பொய் சொல்லல. மாமியார் ஒண்ணும் பேசல, சிரிச்சுக்கிட்டே இன்னொரு துண்டு வச்சாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் மீனு, அதுவும் குழம்பு, வறுவல் இல்ல. மத்த ஆறு நாளும் கேரியர் ஓடிட்டு இருக்கு, இந்த மாசமும் 2,200 கட்டிட்டேன், வெள்ளிக்கிழமை வறுவல் வேணாம்னு சொல்லி அதுக்கு பதில் கூடுதலா ஒரு கிண்ணம் சுண்டல் வாங்கிக்கறேன்.

போறவங்களுக்கு: பகல் பன்னெண்டரைல இருந்து ரெண்டு வரைக்கும்தான், ராத்திரி கிடையாது, ஞாயித்துக்கிழமை லீவு. ஜிபே வாங்குறாங்க, ஆனா பையன் ஃபோன் சார்ஜ்ல இருந்தா சில்லறை கேப்பாங்க. கேரியர் நம்மளதா குடுத்தா அம்பது ரூபா கம்மி. வண்டி வெளிய எம்.சி. ரோட்டுலயே விட்டுட்டு நடந்து போங்க, சந்துக்குள்ள திருப்ப முடியாது. செவ்வாய்க்கிழமைனா ஒண்ணே காலுக்குள்ள போயிடுங்க, அதுக்கப்புறம் சட்டில மாங்கா கொட்டைதான் இருக்கும்.