பெஸ்ஸெகனா, கால்ஹோபிகனா? கையில் ஒரே ஒரு நாள் இருந்தால்

கடந்த ஆகஸ்டில் தம்பி ஒஸ்லோவுக்கு வந்திருந்தான். மலைக்கென்று ஒதுக்க முடிந்தது ஒரு சனி, ஞாயிறு மட்டும். நோர்வேயின் யோதுன்ஹைமன் மலைப்பகுதிக்குப் போவதில் இரண்டு பேருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1900 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் மட்டுமே அங்கே 250-க்கு மேல் நிற்கின்றன. எந்த மலை என்பதில்தான் இழுபறி.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உயரமானதை விட்டுட்டு வேற எதுக்குக்கா ஏறணும்?" என்றான். அவன் கேட்டது கால்ஹோபிகன்: 2469 மீட்டர், வட ஐரோப்பாவிலேயே உயரமான சிகரம். நான் சொன்னது பெஸ்ஸெகன். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய பாறை முகடு அது. அந்த நடையில் தொடுகிற அதிகபட்ச உயரமே 1743 மீட்டர்தான்.

தம்பியோடு போனதையும் சேர்த்து பெஸ்ஸெகன் எனக்கு மூன்று தடவை, கால்ஹோபிகன் ஒரே தடவை. அதனால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்ததுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவானவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுக்கும் ஆறிலிருந்து எட்டு மணி நேர நடை. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். கணுக்காலை மூடும் பூட்ஸ், காற்றுக்கும் மழைக்குமான ஜாக்கெட், கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் ஆகஸ்டிலும் வேண்டும். பாதை தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை. கல்லுக்குக் கல் சிவப்பு மையில் 'டி' எழுத்து போட்டிருக்கும். ஒஸ்லோவிலிருந்து பெஸ்ஸெகன் சுமார் நாலு மணி நேரக் கார்ப்பயணம், கால்ஹோபிகன் அதைவிடத் தூரம்.

கால்ஹோபிகனுக்கு முக்கியமாக இரண்டு வழி. யூவாஸ்ஹுத்தா விடுதி வரை, அதாவது 1841 மீட்டர் உயரம் வரை, காரிலேயே போய்விடலாம். மிச்சம் 630 மீட்டர் ஏற்றம்தான். ஆனால் நடுவில் ஸ்டுக்கெப்ரேயன் என்ற பனியாறு கிடக்கிறது. அதில் உள்ள வெடிப்புகளை மேலே விழுந்த பனி மூடியிருக்கும். அதனால் வழிகாட்டியோடு, எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு கடக்க வேண்டும். இந்த வழியில் நான் போனதில்லை. பிள்ளைகளோடு போய்வந்த நண்பர்கள் சிரமமில்லை என்கிறார்கள். அதற்கு மேல் என் வாயால் சொல்ல மாட்டேன். நான் போனது ஸ்பீட்டர்ஸ்டூலென் வழி. சுமார் 1100 மீட்டரில் தொடக்கம். பனியாறும் இல்லை, வழிகாட்டியும் வேண்டாம். பதிலுக்கு 1370 மீட்டருக்கும் மேலான ஏற்றம். இடையில் இரண்டு முகடுகள் வேறு. ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். தொடை அன்றைக்கே கணக்குக் கேட்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: மேகம் இறங்கினால் என்ன மிஞ்சும்?

நான் கால்ஹோபிகன் ஏறிய அன்று காலை பள்ளத்தாக்கில் நல்ல வெயில். ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் நடக்க ஆரம்பித்தேன். ஸ்வெல்நோசெ முகட்டை நெருங்கும்போது மேகத்துக்குள் நுழைந்தேன். அப்புறம் கடைசி வரை பார்த்தது என் பூட்ஸையும், பத்தடி முன்னால் ஈரப் பாறையையும், அழுக்கேறிய பனித்திட்டுகளையும்தான். உச்சியில் கோடையில் ஒரு சின்னக் கடை திறந்திருக்கும். அதன் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் உச்சிக்கு வந்துவிட்டேன் என்றே தெரிந்தது. உள்ளே ஒரு காப்பி குடித்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, வெள்ளைக்குள்ளேயே இறங்கினேன். கீழே வந்தால் மறுபடி அதே வெயில்.

இது என் ராசி என்று விட்டுவிட முடியாது. அந்தப் பக்கத்து லோம், ஷோக் பள்ளத்தாக்குகள் நோர்வேயிலேயே மழை குறைந்த இடங்கள். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 300 மில்லிமீட்டர் அளவில்தான். மேற்கிலிருந்து வரும் கடற்காற்றின் ஈரத்தை வழியில் உள்ள மலைகள் வாங்கிக்கொள்கின்றன. அந்த மலைகளில் எல்லாவற்றையும்விட உயரத்தில் நிற்பது கால்ஹோபிகன். ஆக, கீழே ஊர் காய்ந்து கிடப்பதை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று சொல்லவே முடியாது. அந்த வழியில் காட்சி பெரும்பாலும் உச்சிக்காகவே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பாறைக்குவியலும் பனியும் தாண்டி, கடைசியில்தான் நாலு திசையும் திறக்கும். திறக்காவிட்டால் அந்த நாள் போனதுதான்.

பெஸ்ஸெகனில் அழகான பகுதி 1400 முதல் 1700 மீட்டருக்குள் இருக்கிறது. மேகம் 2000 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் கால்ஹோபிகனில் ஒன்றும் தெரியாது. பெஸ்ஸெகனில் ஏரிகளும் முகடும் அப்படியே முன்னால் கிடக்கும். அதுவும் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். நடை தொடங்கும் ஏரிக்கரை மெமுருபுவில் படகை விட்டு இறங்கி அரை மணி நேரம் செங்குத்தாக ஏறினாலே, 18 கிலோமீட்டர் நீள யெண்டே ஏரி காலடியில் விரிய ஆரம்பித்துவிடும்.

அந்த யெண்டேயின் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பால் கலந்த பச்சை. பனியாறுகள் பாறையை அரைத்து அரைத்து மாவாக்க, அந்த மாவை ஓடைகள் கொண்டுவந்து ஏரியில் கலக்கின்றன. அது தண்ணீரில் மிதப்பதால் வரும் பச்சை அது. பக்கத்திலேயே இருக்கும் பெஸ்வத்னெ ஏரிக்கு அந்த மாவு வருவதில்லை, அது கருநீலம். இரண்டும் சந்திக்காமல் தடுப்பது பாண்டெ என்ற ஒடுங்கிய பாறைப்பட்டை மட்டும்தான். அங்கே உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பிடுவார்கள். இடது பக்கம் எட்டிப் போனால் பெஸ்வத்னெயில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். வலது பக்கம் விளிம்பு. அதற்குக் கீழே, ஏறக்குறைய 390 மீட்டர் ஆழத்தில், பச்சை. தம்பி சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

அங்கிருந்துதான் முகடு எழும்புகிறது. சில இடங்களில் கையையும் ஊன்றி ஏற வேண்டும். படங்களில் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு ஒடுக்கம் இல்லை. கால் வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனாலும் உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்களை நான் கூட்டிப்போக மாட்டேன். சின்னப் பிள்ளைகளோடு போன அனுபவமும் எனக்கு இல்லை.

கால்ஹோபிகன் பக்கம் நிற்கும் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஸ்பீட்டர்ஸ்டூலென் வழியில் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், வந்த வழிதான். பெஸ்ஸெகனில் செங்குத்துப் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் திரும்பி இறங்குவது, ஏறி முடிப்பதைவிடக் கஷ்டம். ஆகவே அங்கே மேகத்தைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். பலத்த காற்று, அல்லது பாறை நனைகிற மழை என்றால் பாண்டெக்கு முன்பாகவே முடிவெடுத்துவிடுங்கள். நோர்வேயின் ஒன்பது மலை விதிகளில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. யூர் வானிலைச் செயலியில் ஊர்ப் பெயரைப் போடாமல் மலையின் பெயரைப் போட்டு, மழையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள்.

காரை யெண்டேஷைமில் விட்டு, அங்கிருந்து காலையிலேயே படகேறி, மெமுருபுவிலிருந்து யெண்டேஷைமுக்கு நடந்து வருவதுதான் நல்லது. செங்குத்தை ஏறுமுகமாகக் கடக்கலாம். காரும் முடிகிற இடத்தில் இருக்கும். கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டாம். கோடையில் படகுக்கு முன்பதிவு அவசியம். கடைசி இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும், கைத்தடி இருந்தால் எடுத்துப்போங்கள்.

தம்பியோடு போன அன்று மாலை, பெஸ்ஸெகன் நடையின் உயரமான இடமான வெஸ்லெஃப்யெல் உச்சியில், பெரிய கற்குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம். எங்கள் மேல் வெயில். மேற்கே உயர்ந்த சிகரங்கள் எல்லாம் நெஞ்சுக்கு மேலே மேகத்துக்குள்.

"அந்த உயரமானது இதுல எதுக்கா?"

"அந்த மேகத்துக்குள்ளதான் எங்கேயோ இருக்கு."

அவன் அடுத்த ஆண்டும் வருவதாக இருக்கிறான். கால்ஹோபிகனை விடுவதாக இல்லை, எனக்கும் அதைத் தெளிவான வானத்தோடு ஒரு தடவை பார்க்க வேண்டும். ஸ்பீட்டர்ஸ்டூலெனில் இந்தத் தடவை மூன்று இரவு தங்குகிறோம். முதல் நாள் மேகம் என்றால் இரண்டாம் நாள், அதுவும் மேகம் என்றால் மூன்றாம் நாள்.