வீட்டுக்கே வந்து அலாய் வீல் பாலிஷ் செய்பவர்கள்: ஓர் எச்சரிக்கை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சக்கரம் ஒன்றுக்கு 700 ரூபாய் கொடுத்தால் வீட்டுக்கே வந்து, அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீலைப் புதிதாக்கித் தருவதாக நோட்டீஸ் கொடுத்த ஒருவரிடம் எங்கள் காரின் நான்கு சக்கரங்களையும் ஒப்படைத்தோம். அவர் கொடுத்த பளபளப்பு ஐப்பசி மழை தொடங்கும் வரைதான் நின்றது. பளபளப்பு போனதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஒரு சக்கரத்தின் உள்விளிம்பில் இருந்த விரிசலை எங்களிடம் சொல்லாமல் பட்டி வைத்து அடைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார். அந்தச் சக்கரத்தோடுதான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய் வந்தோம்.

சக்கரங்கள் நன்றாகத்தான் தேய்ந்திருந்தன. நடைபாதைக் கல்லில் உரசி விளிம்பு சொரசொரப்பாகியிருந்தது. மேலே இருந்த கிளியர் கோட் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு உரிந்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வந்தவர் என் தாயாரிடம், “பித்தளை அண்டாவைப் புளி போட்டு விளக்குனா எப்படி மின்னுது ஆச்சி, இதுவும் அதே மாதிரிதான்” என்றார். தலைமுறை தலைமுறையாகப் பித்தளையும் வெண்கலமும் விளக்கிவரும் வீடுகளில் இந்தப் பேச்சு எளிதில் எடுபடும். ஆனால் அலுமினியத்துக்கு அது பொருந்தாது. பித்தளையின் மேல் படிந்த களிம்பைப் புளியின் மென்மையான அமிலம் கரைக்கிறது, உலோகம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அலுமினியத்தின் மேல் தானாகவே உருவாகும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் அதன் கவசமாகும். கடுமையான அமிலம் முதலில் கரைப்பது அந்தக் கவசத்தைத்தான்.

அவர் கொண்டுவந்த பாட்டிலில் லேபிள் எதுவும் இல்லை. மூடியைத் திறந்ததும் வெண்புகை எழுந்து மூக்கை அரித்தது. கழிப்பறை கழுவ விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் நெடிதான் அது. அதைத் தூரிகையால் பூசியதும் சக்கரம் நுரைத்தது. “அழுக்கு எப்படிக் கரையுது பாருங்க அண்ணே” என்று என்னை அழைத்துக் காட்டினார். அழுக்கு அப்படி நுரைக்காது. உலோகம் அமிலத்தில் கரையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவே அந்த நுரை. கரைந்தது எங்கள் சக்கரம். சிந்திய துளிகள் விழுந்த இடங்களில் கார் நிற்கும் தளத்தில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கற்களும் மெருகிழந்து வெளுத்துவிட்டன.

அமிலத்தில் உள்ள குளோரைடு இன்னும் மோசமான வேலையைச் செய்கிறது. நன்றாகக் கழுவி நடுநிலைப்படுத்தாவிட்டால் உலோகத்தின் நுண்குழிகளில் தங்கி, ஈரம் பட்டபோதெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்துக்கொண்டே போகும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊர் மக்கள் சிக்ரி என்று அழைக்கும் நிறுவனம், 1953 முதல் இதே காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் இயங்கி வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் லேபிள் இல்லாத அமிலத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றும் தொழில் நடப்பது மனத்தை வருத்துகிறது.

அமிலத்துக்குப் பிறகு டிரில்லில் இரும்புக் கம்பித் தூரிகையை மாட்டித் தேய்த்தார். இரும்புத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்துவிட்டால் பின்னர் அங்கே துருக்கறை தோன்றும். பெயின்ட் பிடித்து நிற்க உதவும் அடிப்பூச்சான பிரைமரை அடிக்காமல் நேரடியாக வெள்ளிப் பெயின்ட் அடித்தார். கிளியர் கோட் அடிக்கவே இல்லை. சக்கரம் ஹப்போடு, அதாவது அதைத் தாங்கும் அச்சுமுனையோடு, ஒட்டி உட்காரும் பின்முகத்திலும், நட்டு உட்காரும் குழிகளிலும் தடிப்பாகப் பெயின்ட் படிந்திருந்தது. அந்தப் பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கும்போது நட்டின் இறுக்கம் குறைந்துவிடும். சக்கரம் நடுங்காமல் சுழல ஒட்டியிருந்த பேலன்சிங் ஈயக்கட்டிகளைப் பிய்த்தவர் திரும்ப ஒட்டவில்லை என்பதால், திருச்சி சாலையில் வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டியதுமே ஸ்டியரிங் நடுங்கியது.

மழைக்குப் பின் பெயின்ட் கொப்புளித்தது, ஒரு டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. டயர் கடைக்காரர் டயரைக் கழற்றிவிட்டு, உள்விளிம்பில் உப்பியிருந்த இடத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். பட்டி உதிர்ந்து, விரல் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. “இதோட வண்டிய எடுக்காதீங்கண்ணே” என்று சொல்லி, ஸ்டெப்னியை மாட்டி அனுப்பினார். மற்ற சக்கரங்களின் நட்டுகளும் தளர்ந்திருப்பதைக் காட்டி, பெயின்ட்டைச் சுரண்டி முறுக்கிக் கொடுத்தார். வேலை செய்தவரைத் தொலைபேசியில் கேட்டபோது, மழைத் தண்ணீர்தான் காரணம் என்றார். விரிசலைப் பற்றிக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தவர், அதன் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளைந்திருந்த மற்றொரு விளிம்பை கேஸ் டார்ச்சால் சூடாக்கித் தட்டி நேராக்கித் தருவதாகவும் அவர் சொன்னார், நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அலாய் வீல் பெரும்பாலும் ஏழு விழுக்காடு அளவு சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் சேர்ந்த அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டு, ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சூடேற்றிக் குளிர்விக்கப்பட்டு, பிறகு அதைவிட மிகக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து வலுவேற்றப்படுகிறது. அளவு தெரியாமல் டார்ச் காட்டினால் அந்த இடத்தில் அந்த வலு போய்விடும், வெளியே எதுவும் தெரியாது.

குறைந்த செலவில் சக்கரத்தைச் சீராக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. மற்ற மூன்று சக்கரங்களையும் பிறகு நாங்களே வீட்டில் சரிசெய்தோம். பொருள்கள் எல்லாம் அவருக்குக் கொடுத்த 2,800 ரூபாய்க்குள் அடங்கின. சக்கரம் ஆறிய பிறகு கார் ஷாம்பூவால் கழுவி, கழற்றி, பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காற்றடித்த டயரோடு விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழியாகத் தெரியும். விரிசல் இருந்தால் பாலிஷைப் பற்றிய பேச்சே வேண்டாம். அந்தச் சக்கரத்தை மாற்றிவிட வேண்டும். விரிசல் இல்லையென்றால் 400 எண் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கித் தண்ணீர் தொட்டு 800 எண் வரை தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அலுமினியத்துக்கென்று விற்கும் எட்ச் பிரைமர், அதன் மேல் வெள்ளி, அதன் மேல் கிளியர் கோட் என்று மெல்லிய பூச்சுகளாக அடிக்கலாம். ஹப் முகம், நட்டுக் குழி, வால்வு மூன்றையும் முன்கூட்டியே டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். கையுறையும் பெயின்ட் புகைக்கு ஏற்ற முகமூடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். மாட்டிய பிறகு பேலன்சிங் செய்து, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டை முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முகப்பு வெட்டப்பட்டு மின்னும் டைமண்ட் கட் வீலை மட்டும் கையால் தேய்க்க வேண்டாம். அந்த நுண்வரிகள் லேத்தில்தான் திரும்ப வரும்.

வேலைக்கு ஆள் வைப்பவர்கள், எந்த அமிலம், எந்தப் பிரைமர் என்று முன்பே கேளுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலைக் கண்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் சக்கரத்தின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் ரசீதோடு வங்கி வழியாகவே பணம் கொடுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், இவ்வளவு சிறிய தொகைக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. விரிசல் விட்ட சக்கரத்தையும் உதிர்ந்த பட்டியையும் நாங்கள் எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறோம். முறையீட்டோடு அவற்றையும் காட்டப் போகிறோம்.